தீயிடையே சுழலும் அலகுகள்

ஜெட் எஞ்சினின் எரிகலத்திலிருந்து சீறிப் பாயும் வாயுப் பிரவாகம் முதலில் வந்து மோதும் டர்பைன் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும், உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறு அலகுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கின்றன. இன்றைய பெரிய எஞ்சின்களில் அவ்வாயுவின் உஷ்ணம் 1,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அலகை வார்த்த நிக்கல் கலப்புலோகமோ ஏறத்தாழ 1,350 டிகிரியிலேயே உருகிவிடக்கூடியது. போதாக்குறைக்கு, சக்கரம் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழலும்போது ஒவ்வோர் அலகையும் பல டன் விசை வெளிப்புறமாகப் பற்றி இழுக்க, சூட்டில் இளகிய உலோகம் சிறுகச் சிறுக நீண்டுகொடுக்கத் தொடங்குமாதலால், உருகாதிருந்தால் மட்டும் போதாது, உறுதி தளராமலும் இருந்தாக வேண்டும்.

அலகைக் காப்பது காற்றுத்தான். எஞ்சினின் முன்பகுதியில் அழுத்தப்பட்ட காற்றில் ஒரு பகுதியை எரிகலத்துக்குள் விடாமல் பிரித்து, அலகின் அடிப்பகுதி வழியே உள்ளே செலுத்துகிறார்கள். அழுத்தத்தினாலேயே சுமார் 600 டிகிரிக்குக் காய்ந்துவிட்ட அக்காற்றைக் குளிர்ந்ததென்று சொல்ல நமக்கு நா எழாது. ஆயினும் அந்தத் தீயின் சந்நிதியில் அதுவே தென்றல். அலகின் உட்புறத்தில் வளைந்து வளைந்து செல்லும் குடைவுகளில் மேலும் கீழுமாக ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள துவாரங்கள் வழியே வெளிவந்து, அலகின் மேனியெங்கும் மெல்லிய போர்வையாகப் படர்ந்து, தீவாயு நேரே தீண்டாதபடி அது தடுக்கிறது. உட்குடைவுகளைக் காட்டிலும் இப்போர்வையே சூக்ஷ்மமான யுக்தி என்பேன். ஆனால் இவ்வாறு திருப்பிவிட்ட காற்று எரிகலத்துக்குப் பயன்படாத காற்று. அதில் சிக்கனம் பிடிப்பதே வடிவமைப்போரின் ஓயாத கவலை.

இந்த உபாயம் செழிப்பில் பிறந்ததன்று. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் நிக்கலுக்குப் பெரும் பஞ்சம் நேர்ந்த ஜெர்மனியில், மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானத்தின் யுங்கர்ஸ் 004 எஞ்சினுக்கு, தகட்டை மடித்துச் செய்த உள்ளீடற்ற அலகுகளைப் பொருத்தி, அவற்றினூடே காற்றைச் செலுத்தினார்கள். அவ்வெஞ்சினின் ஆயுள் சில பத்து மணி நேரமே.

இன்றோ, பீங்கான் போன்ற கருவைச் சுற்றி மெழுகால் அலகின் உருவைச் சமைத்து, மேலே ஓடு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உலோகத்தை வார்த்து, அது ஒரே ஸ்படிகமாக உறையும்படி ஆறவைத்து, பின்னர் உள்ளிருக்கும் கருவைக் காரத்தில் கரைத்து அகற்றுகிறார்கள். கரு இருந்த இடமே காற்றின் வழியாகிறது.

இத்தனை நுட்பத்துக்கும் சத்துரு சாதாரணத் தூசி. பாலைவன ஊர்களுக்குப் போய்வரும் விமானங்களில் நுண்மணல் உருகிக் கண்ணாடிபோல் படிந்து துவாரங்களை அடைத்துவிடுவதுண்டு. அதனால் அவற்றின் எஞ்சின்களைப் பிறவற்றுக்கு முன்னதாகவே கழற்றிச் செப்பனிட வேண்டியிருக்கிறது.