குசினிக்கு இரண்டு நிறம்: ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டதா?

தீபாவளி நெருங்க நெருங்க, கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் குசினியைப் புதுப்பிக்கும் வேலைகள் சூடு பிடிக்கும். குசினி முழுக்க ஒரே நிறத்தில் கேபினட் போட்ட காலம் மாறி வருகிறது. மேலே வெள்ளை, கீழே கரும்பச்சை. மேலே கிரீம், கீழே மர நிறம் என்று இரண்டு நிறம் கேட்பவர்கள் பலர். காரணம் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டின் ஒடுக்கமான குசினியில் மேல் கேபினட் வெளிர் நிறமாக இருந்தால் இடம் அகலமாகத் தெரியும். மஞ்சள் கறையும் சம்பால் தெறிப்பும் காலடி அழுக்கும் படும் கீழ்ப்பகுதிக்கு அடர்நிறம் தோது.

அழகு கூடும்போது தகராறுக்கான இடமும் கூடுகிறது. “கடையில் காட்டியது ஒரு சாம்பல், வீட்டுக்கு வந்தது வேறு சாம்பல்” என்ற புகாரில் யார் பக்கம் நியாயம் என்பதைப் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம்தான் முடிவு செய்யும்.

சிக்கல் எங்கே முளைக்கிறது?

முதல் இடம் கொட்டேஷன். நீளத்தை அடிக்கணக்கில் போட்டு, விலை எழுதி, அதன் கீழே “டூ டோன், கஸ்டமர் சாய்ஸ்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எந்த நிறுவனத்தின் பலகை, எந்த நிற எண், மேலே எது, கீழே எது, பளபளப்பா மங்கலா என்ற எதுவும் அதில் இருக்காது. ஒரு நிறுவனத்தின் நிற அட்டையிலேயே ‘வெள்ளை’ என்ற பெயரில் பல வகை உண்டு. வெறும் ‘வெள்ளை’ என்று எழுதியிருந்தால், எந்த வெள்ளை வந்தாலும் குத்தகையாளர் “நீங்கள் கேட்டதுதான்” என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது வெளிச்சம். கடையின் வெண்ணிற விளக்கில் தேர்ந்தெடுத்த சாம்பல், வீட்டின் மஞ்சள் விளக்கில் பழுப்பாகத் தெரியும். உள்ளங்கை அளவு மாதிரித் துண்டில் பார்த்த நிறம் பத்தடி நீளத்துக்கு விரியும்போதும் வேறு மாதிரி தோன்றும். அது குத்தகையாளரின் குற்றமல்ல. மாதிரியை வீட்டுக்கு எடுத்துவந்து பகலிலும் இரவிலும் வைத்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

மூன்றாவது பொருள். மேலே அக்ரிலிக், கீழே மெலமின் என்று கலந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. ஒரே நிற எண்ணாக இருந்தாலும் வேறு வேறு சமயத்தில் தயாரான பலகைகளில் சிறு வேறுபாடு வரலாம். கதவின் ஓரப்பட்டையைக் கிட்டே பாருங்கள். பச்சைக் கதவுக்கு வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தால், ஒவ்வொரு விளிம்பிலும் அந்தக் கோடு கண்ணை உறுத்தும்.

செலவும் கூடும். பலகை பொதுவாக 4 அடிக்கு 8 அடித் தாளாக வருகிறது. இரண்டு நிறமென்றால் இரண்டு தாளிலும் துண்டு மிஞ்சும். அந்தக் கூடுதல் தொகையை முன்பே எழுதி வாங்காவிட்டால் பாதி வேலையில் வந்து நிற்கும்.

சட்டம் நமக்குத் தரும் பிடி

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் கைகொடுக்கும். சுவரில் பொருத்திய கேபினட்டும் இச்சட்டப்படி ‘பொருள்’தான். பொருளின் தரத்தைச் சொல்லும் 32ஆம் பிரிவு, தோற்றத்தையும் மேற்பூச்சின் நேர்த்தியையும் தரத்தின் பகுதியாகவே எண்ணுகிறது. சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. மாதிரி காட்டி விற்றால், தரத்தில் அந்த மாதிரிக்கு ஈடாக இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கவும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 53ஆம் பிரிவு.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று ரசீதில் அச்சடித்துவிட்டு இந்த உரிமைகளைப் பறிக்க முடியாது. ஒப்பந்தம் போட்டு இச்சட்டத்திலிருந்து நழுவ 6ஆம் பிரிவு இடம் தரவில்லை. ஆனால் மாதிரி எது என்பதை நாம்தான் நிரூபித்தாக வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன்

• மேல் கேபினட், கீழ் கேபினட், உள்பெட்டி, ஓரப்பட்டை, கைப்பிடி ஒவ்வொன்றுக்கும் நிறுவனப் பெயரும் நிற எண்ணும் தனித்தனி வரியில் வரட்டும்.

• மாதிரித் துண்டின் பின்னால் தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டு, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

• குத்தகையாளரின் எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு எண்ணைச் சரிபாருங்கள். பணம் போகும் வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

• பணத்தை வேலைக்கேற்பத் தவணையாகக் கொடுங்கள். பொருத்தி முடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே கடைசித் தவணை.

• கொண்டோவானால் நிர்வாகத்தின் அனுமதியை முதலில் வாங்குங்கள். தரைவீட்டில் சுவரை இடித்துக் குசினியைப் பின்பக்கம் நீட்டுவதானால் ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும்.

• ஒட்டுப்பலகையில் ஃபார்மால்டிஹைட் உண்டு. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. அது குறைவாக வெளியாகும் இ1 அல்லது அதைவிட மேலான தரம் என்று எழுதி வாங்குங்கள்.

தவறு நடந்துவிட்டால்

கோபத்தில் வேறு ஆளைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றிவிடாதீர்கள். சரிசெய்யக்கூடிய குறையென்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய முதல் ஆளுக்கு வாய்ப்புத் தர வேண்டும். மாதிரித் துண்டைக் கதவின் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். குறையையும் கெடு தேதியையும் எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

பதில் இல்லையென்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பணமோ மாற்றுக் கதவோ வேண்டுமானால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த மன்றம் அது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கோரிக்கையின் உச்சவரம்பை 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. பொதுவாக வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை, நீங்களே பேசலாம். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் தீர்ப்பு வர வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதது குற்றம், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. சிக்கல் எழுந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பின் சரியான பெயரும் முகவரியும் மனுவில் வேண்டும். எஸ்எஸ்எம் எண்ணை முன்பே வாங்கி வைத்தது அப்போது உதவும்.

முன்பணத்தோடு ஆளே மறைந்துவிட்டால் அது மோசடி. தாமதிக்காமல் உங்கள் வங்கியையும், 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையும் அழைத்து, போலீஸ் புகாரும் கொடுங்கள்.

எல்லாம் நல்லபடி முடிந்தாலும், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பலகையைக் கூடுதலாக வாங்கிக் கட்டில் அடியில் போட்டு வையுங்கள். சில ஆண்டு கழித்து ஒரு கதவு ஊறிப்போகும்போது அந்த நிறம் சந்தையில் இருக்கும் என்று எந்தச் சட்டமும் உறுதி தருவதில்லை.