கூரையற்றோர் – 9: பதினெட்டுக்கு மறுநாள்

கணக்கெடுப்புக்குரிய வீடு எதிலும் வசிக்காமல் சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில்வே நடைமேடை, கோயில் மண்டபம் போன்ற இடங்களில் வாழ்பவரையே இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றவர் என்று கொள்கிறது. 2011 பிப்ரவரி 28 இரவு அவ்வாறு எண்ணப்பட்டவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். சென்ற அத்தியாயத்தில் பேசப்பட்ட நடைபாதைக் குடும்பங்கள் இந்தக் கணக்குக்குள் வருபவை. ஆனால் தனித்து வாழும் இளையோரில் பலர் இதற்குள் அகப்படுவதே இல்லை. அவர்களுடைய வீடின்மை வேலையிடத்துக்குள் மறைந்துகிடக்கிறது.

"ஆட்கள் தேவை, சாப்பாடு, தங்குமிடம் இலவசம்" என்று உணவகங்களின் வாசலில் எழுதி வைத்திருப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. போக்கிடமில்லாத 18, 19 வயது இளைஞருக்கு அதில் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தெரிவது தங்குமிடம் என்ற சொல்தான். கடை அடைத்தபின் மேசைகளை ஒதுக்கிவிட்டு விரிக்கும் பாயோ, அரிசி மூட்டைகளும் எண்ணெய் டின்களும் அடுக்கிய மாடியறையின் ஒரு மூலையோதான் அந்தத் தங்குமிடம். கேட்டரிங் வேலைக்குப் போகிறவர் எனில், முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபத்தின் சமையற்கூடமே படுக்கையறை, ஆடியிலும் மார்கழியிலும் அதுவும் இல்லை. முதலாளியோடு ஒரு வாய்த்தகராறோ நாலு நாள் காய்ச்சலோ வந்தால் போதும், வேலையும் படுக்கையும் ஒரே இரவில் போய்விடும். பிறகு பேருந்து நிலையத்தில் செருப்பைத் தலைக்கு வைத்து, செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு படுப்பவரை எழுப்பி, ரோந்துக் காவலர் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்பதையே; சொல்ல முகவரி இல்லாதவர்மீது, குற்றம் செய்யக்கூடும் என்ற ஐயத்தின்பேரில் நன்னடத்தைக்குப் பிணை கேட்கும் "சந்தேக வழக்கு" பாய்வதும் உண்டு.

இவர்களை "வீட்டைவிட்டு ஓடி வந்தவர்கள்" என்று சொல்லும் பழக்கம் பழி முழுவதையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிடுகிறது. குடித்துவிட்டு அடிக்கும் தந்தை, தாய் இறந்து மறுமணமான வீட்டில் கிடைக்காத சோறு, சாதி மாறிய காதல், திருநங்கை என்று தெரிந்த அன்றே சாத்தப்பட்ட கதவு ஆகியவற்றைப் பார்த்தால், துரத்தப்பட்டவர் என்பதே இவர்களில் பலருக்குப் பொருந்தும் சொல் என்பது விளங்கும். ஓடாமலும் துரத்தப்படாமலும் வீடிழப்பவர்கள் இன்னொரு பிரிவினர். அவர்கள் குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, வயது நிறைந்ததால் வெளியேறுபவர்கள்.

2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், வீடோ நிலையான உறைவிடமோ இல்லாத, 18 வயது நிறையாத ஒருவரைப் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்று வகைப்படுத்தி, அவரை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தச் சொல்கிறது. 1996-இல் மும்பையில் தொடங்கிய 1098 உதவி எண்ணும் அவருக்காகவே இயங்குகிறது. 18 நிறைந்த மறுநாள், அதே நடைமேடையில் படுத்திருக்கும் அதே நபர் சட்டத்தின் கண்ணில் பெரியவராகிவிடுகிறார். இல்லத்திலிருந்து வெளியேறுவோருக்கு மட்டும் 21 வயது வரை நிதியாகவோ வேறு வகையிலோ துணைநிற்கும் "பிற்காப்பு" என்ற ஏற்பாட்டைச் சட்டம் குறிப்பிடுகிறது. ஆயினும் அதன் 46-ஆம் பிரிவு நிதியுதவி "வழங்கலாம்" என்கிறதே தவிர "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கென வகுக்கப்பட்ட தொகை மாதம் 4,000 ரூபாய். சென்னையில் நெடுங்காலமாக நிலவும் வழக்கப்படி பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டால், 4,000 ரூபாய் வாடகை அறைக்கு முதல் நாளே 40,000 ரூபாய் வேண்டும். அதாவது, சாப்பிடாமல் சேர்த்தாலும் பத்து மாதப் பிற்காப்புப் பணம் அந்த முன்பணத்துக்கே சரியாகிவிடும்.

பெற்ற பிள்ளையை 18 வயதில் வெளியே போகச் சொல்லும் குடும்பம் தமிழ்நாட்டில் அரிது; படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, கல்யாணம் ஆகும்வரையிலும் அதன்பிறகும்கூட வீட்டில் அவர்களுக்கு ஓர் இடம் இருக்கும். பெற்றோர் இடத்தில் நின்று வளர்த்த அரசு அந்த இடத்தைத் தன் பிள்ளைகளுக்கு மறுப்பது அநீதி. 46-ஆம் பிரிவில் உள்ள "வழங்கலாம்" என்பதை "வழங்க வேண்டும்" என்று நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.