மந்தையைச் செலுத்தும் நாயும் மந்தையைக் காக்கும் நாயும்

செம்மறி மந்தையோடு தொழில் செய்யும் நாய்கள் இருவகைப்படும். ஒன்று, மேய்ப்பன் விரும்பும் திசையில் மந்தையைச் செலுத்துவது. மற்றொன்று, இரவும் பகலும் மந்தையோடு கலந்திருந்து, ஓநாய், நரி முதலியவற்றினின்றும் அதனைக் காப்பது. இரண்டும் நாயே, ஆயினும், ஒன்றின் தொழிலை மற்றொன்றிடம் ஒப்படைத்தால் மந்தைக்குக் கேடே விளையும். இவ்வேறுபாடு பிறப்பினால் வந்ததா, பயிற்சியினால் வந்ததா?

நாயின் மூதாதை ஓநாய் வகையைச் சேர்ந்தது. ஓநாய் இரையைக் கண்டால் உற்றுநோக்கும், பதுங்கிச் செல்லும், துரத்தும், கடிக்கும், கொல்லும். இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புற மேய்ப்பர்கள் இத்தொடரில் முதல் மூன்றையும் பேணி, இறுதி இரண்டையும் அடக்கும் வண்ணம், தலைமுறை தலைமுறையாக நாய்களைத் தெரிந்தெடுத்து இணைசேர்த்தனர். 1893ஆம் ஆண்டு நோதம்பலந்தில் அடம் டெல்பர் என்பார் வளர்த்த ‘ஹெம்ப்’ என்னும் நாய் இவ்வகையிற் புகழ்பெற்றது. குரைக்காமலும் கடிக்காமலும் பார்வையாலேயே ஆடுகளை அது நடத்தியது. இன்றைய போடர் கொலி இனத்தின் மூதாதையாக அதுவே மதிக்கப்படுகிறது.

எனினும், பிறவிக்குணம் மட்டும் போதாது. சுற்றிவளைக்க இந்நாய்க்கு எவரும் கற்பிப்பதில்லை. எப்போது இடம் செல்வது, எப்போது வலம் செல்வது, எப்போது நிற்பது என்பனவே கற்பிக்கப்படுகின்றன. மேய்ப்பனின் சீழ்க்கையொலி, உள்ளிருக்கும் வேட்கைக்குக் கடிவாளமாக அமைகிறது.

காவல் நாயின் கதை வேறு. அதனிடம் துரத்தும் வேட்கை குறைவாயிருத்தல் வேண்டும். ஆட்டைத் தன் சுற்றமாகக் கருதும் பழக்கமும் வேண்டும். முன்னது இனத்தால் வருவது. பின்னது இளமை வளர்ப்பால் வருவது. 1833ஆம் ஆண்டில், இன்று உருகுவே எனப்படும் நாட்டிற் பயணஞ் செய்த சாள்ஸ் டார்வின் இதனை நேரிற் கண்டு எழுதியுள்ளார். அங்கே, மிக இளங்குட்டியைத் தாயினின்றும் பிரித்து, செம்மறியிடம் பாலூட்டி, பட்டியிலேயே கம்பளி மயிரால் படுக்கை அமைத்து வளர்த்தனர். அக்குட்டி வளர்ந்தபின் மந்தையை விட்டு நீங்குவதில்லை. குட்டியின் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே உறவு பதியும் காலம் என்பதை, அமெரிக்க அறிஞர்களான ஸ்கொட், புல்லர் ஆகியோர் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அக்காலம் கடந்தபின் எவ்வளவு பயிற்றினும் அவ்வுறவு எளிதில் வேரூன்றாது.

ஒஸ்திரேலியாவின் வாணம்பூல் நகரை அடுத்த மிடில் தீவில், நரிகளின் வேட்டையால் 2005இல் பத்துக்கும் குறைவான சிறு பென்குவின்களே எஞ்சின. 2006இல் இத்தாலிய மரெம்மா இனக் காவல் நாய்கள் அங்கு நிறுத்தப்பட்டன. ஆட்டைக் காத்த குணம் பறவையையும் காத்தது. சில ஆண்டுகளில் பறவைகள் நூற்றுக்கு மேல் பெருகின. ஆயின், கடற்கொந்தளிப்பால் நாய்கள் தீவுக்குச் செல்ல முடியாதிருந்த 2017இல், நரிகள் மீண்டும் புகுந்து பெருஞ்சேதம் விளைத்தன.

ஆகவே, இனம் விதை, இளமை வளர்ப்பு நிலம், பயிற்சி வரப்பு. மேய்ச்சல் நாயை வேலையின்றி நகர வீட்டில் அடைத்து வைத்தால், அது ஓடும் சிறுவரையும் ஊர்திகளையும் வளைக்க முற்படும். பின்னர் அதனைக் கொடிய நாயென்று துரத்துவோரும் உளர். அக்குணத்தைப் பல தலைமுறையாக விதைத்தவன் மனிதனே. நாயைப் பழிக்குமுன், அதற்கேற்ற தொழிலைக் கொடுத்தோமா என்று எண்ணிப் பார்ப்பதே நீதியாகும்.