புங்க இலையில் கொப்புளம் போட்டது யார்?



தென்காசி, குற்றாலம் பக்கம் போனால், புங்க மரத்து இலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். அம்மை போட்டது போலக் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறதா? பயப்பட வேண்டாம். அது ஓர் உயிரினம் குடியிருக்கும் வீடு! அதன் பெயர் சிலந்திப்பேன்.

பெயரில் 'பேன்' இருந்தாலும் இது பேன் அல்ல. தலையில் ஊரும் பேனுக்கு 6 கால்கள், அது பூச்சி. சிலந்திப்பேனோ சிலந்திக்கும் தேளுக்கும் சொந்தம். பெரும்பாலானவற்றுக்கு 8 கால்கள். இறக்கையும் உணர்கொம்பும் கிடையாது. மூலிகைச் செடிகளில் இவற்றைப் பார்த்தால் எப்படி இனம் பிரிப்பது?

செஞ்சிலந்தி: சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். துளசி போன்ற செடிகளில் இலையின் அடியில் மெல்லிய வலை பின்னிச் சாற்றை உறிஞ்சும். இலையின் மேலே வெளிர்புள்ளிகள் தோன்றும். பிறகு இலை பழுத்து உதிரும். வெயில் காலத்தில் பெருகும். சாரல் அடித்தால் குறைந்துவிடும்.

ஈரியோபைட்: எட்டுக்கால் கூட்டத்தைச் சேர்ந்தாலும் இதற்கு 4 கால்கள்தான்! புழு போல நீண்டிருக்கும். ஐந்தை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். புங்க இலைக் கொப்புளம் இதன் வேலைதான். இதன் அறிவியல் பெயர் 'அசேரியா பொங்கேமியே'. பெயருக்குள் நம்ம ஊர்ப் புங்கம் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? 1998-ல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளுக்கும் பரவிய தென்னை ஈரியோபைட் இதன் நெருங்கிய உறவு.

காவல்காரன்: இலையில் வேகமாக ஓடும் சிலந்திப்பேனைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். அது மற்ற சிலந்திப்பேன்களைப் பிடித்துத் தின்னும் நண்பனாக இருக்கலாம்.

சரி, இனம் தெரியாவிட்டால் என்ன நஷ்டம்? பூச்சி என்று நினைத்துப் பூச்சிமருந்து அடித்தால், பல மருந்துகள் சிலந்திப்பேனை ஒன்றும் செய்யாது. காவல்காரன்தான் சாகும். எதிரி இல்லாததால் செஞ்சிலந்தி இன்னும் பெருகும். அதோடு, நாம் கஷாயம் வைக்கும் இலையிலேயே விஷம் தங்கிவிடும்!

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எம்.மோகனசுந்தரம், தென்னிந்தியாவில் பல புதிய ஈரியோபைட் இனங்களைக் கண்டறிந்து விவரித்தவர். நுண்ணோக்கியில் வைத்து, முதுகுத் தகட்டின் கோடுகளையும் முடிகளையும் பார்த்துத்தான் இவற்றின் இனத்தைச் சொல்வார்கள்.

செய்து பாருங்கள்

1. துளசிச் செடியின் கீழ் வெள்ளைத்தாள் பிடித்து, கிளையை மெதுவாகத் தட்டுங்கள்.

2. தாளில் விழுந்த புள்ளிகள் நகர்கின்றனவா? கைலென்ஸால் கால்களை எண்ணுங்கள். அப்போதுதான் பொரித்த சிலந்திப்பேன் குஞ்சுக்கும் 6 கால்கள்தான், ஏமாந்துவிடாதீர்கள்!

3. ஈரியோபைட் லென்ஸுக்கும் எளிதில் சிக்காது. இலையில் கொப்புளம் உண்டா என்று பாருங்கள்.

4. தேதி, செடி, அடையாளம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

செஞ்சிலந்தி இருந்தால், மோசமான இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, இலைகளின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். குற்றாலச் சாரல் செய்யும் வேலையை உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் செய்யும்!