கிளி பார்க்கப் போவோமா?

பொழுது சாயும் நேரத்தில் பட்டணத்துப் பூங்காவில் நின்று அண்ணாந்து பாருங்கள். பச்சைக்கிளிகள் கூச்சலிட்டுக்கொண்டு கூட்டமாக வந்து மரங்களில் அடையும்.

கன்னம் சிவந்து வால் நீண்டிருந்தால் அது நம் மண்ணின் கிளி. தோட்டத்தில் செம்பனைப் பழத்தைக் கொத்தித் தின்பதும் இதுதான். ஆணின் மேல் அலகு சிவப்பு. மார்பு சிவந்திருந்தால் அது வந்தேறிக் கிளி. சிங்கப்பூரில் கூண்டிலிருந்து தப்பியவையும் மனிதர் திறந்துவிட்டவையும் பெருகி, இன்று மண்ணின் கிளியையே எண்ணிக்கையில் மிஞ்சிவிட்டன.

இரண்டும் மரப்பொந்தில்தான் முட்டையிடும். பொந்துகளோ குறைவு. பட்ட மரம்தானே என்று வெட்டிச் சாய்த்தால் ஒரு குடும்பத்தின் வீடு போயிற்று. குஞ்சைப் பிடித்து விற்றால் அடுத்த தலைமுறையே போயிற்று.

கிளி வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால் மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். காசும் மிச்சம், கிளியும் மிச்சம்.