பொம்மைப் படம்தானே என்று ஒதுக்காதீங்க!



'பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையன் ஜப்பான்காரன் பொம்மைப் படத்திலேயே மூழ்கிக் கிடக்கிறான். போனைப் பிடுங்கினால் சோறு வேண்டாம் என்கிறான்' என்று ஒரு சகோதரி சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் புலம்பியிருந்தார். அன்றைக்கே பதில் எழுத நினைத்தேன். மாவாட்டுவது, துணி துவைப்பது, விருந்தாளி என்று தள்ளித் தள்ளி இன்றைக்குத்தான் பேனா கைக்கு வந்தது.

சகோதரி, பிடுங்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்க. ஆனால் எதைப் பார்ப்பது என்று நீங்க தேர்ந்தெடுங்க. அதற்கு உதவட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் பிளஸ் டூ வரைதான் படித்தவள். பத்தாவது படிக்கும் பையன், எட்டாவது படிக்கும் பொண்ணு, மாமியார், கிழங்கு மண்டியில் கணக்கு எழுதும் வீட்டுக்காரர் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை எல்லோரும் கூடத்தில் ஒரே படம் பார்ப்போம். மூன்று வருஷமாக இதுதான் எங்க வீட்டுப் பழக்கம். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அத்தையே இப்போது அனிமேக்கு மாறிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்க!

'அனிமேஷன்' என்பதை ஜப்பான்காரர்கள் சுருக்கி 'அனிமே' என்கிறார்கள். நமக்குக் கார்ட்டூன் என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். அங்கே அப்படியில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு, தாத்தா பாட்டிக்கு, நம்மை மாதிரி வீட்டோடு இருக்கிறவர்களுக்கு என்று தனித்தனியாக எடுக்கிறார்கள். 'சசாயே-சான்' என்று ஒரு தொடர். 1969 அக்டோபரில் ஆரம்பித்தது, இன்னும் ஞாயிறு சாயங்காலம் வந்துகொண்டிருக்கிறது. உலகத்திலேயே அதிக காலம் ஓடும் கார்ட்டூன் தொடர் என்று கின்னஸில் ஏறிவிட்டது. அதன் கதாநாயகி யார் தெரியுமா? ஒரு சாதாரணக் குடும்பத் தலைவி! மச்சிகோ ஹசெகாவா என்ற பெண்மணி 1946-ல் பத்திரிகையில் வரைய ஆரம்பித்த படக்கதை அது. சசாயே தன் புருஷன், பிள்ளையோடு அம்மா வீட்டிலேயே இருக்கிறாள். இதைச் சொன்னதும் எங்க அத்தை, "மாப்பிள்ளை மாமனார் வீட்டோடயா? நல்லாருக்குதே கதை!" என்றார். இந்தத் தொடரைத் தமிழில் யாரும் கொண்டுவரவில்லை என்பது எனக்குக் குறைதான்.

நமக்கும் அனிமேக்கும் உறவு இன்று நேற்று வந்ததில்லை. 90களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை 'ஜங்கிள் புக்' வருமே, ஞாபகம் இருக்கிறதா? மோக்ளி, பாகீரா, ஷேர்கான்... அது ஜப்பானில் 1989-ல் எடுத்த தொடர்தான். இந்தி ஒரு வார்த்தை தெரியாமலே நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். நம்ம ராமாயணத்தையே அனிமேயாக எடுத்திருக்கிறார்கள். யூகோ சகோ என்பவர் 1983-ல் ஒரு ஆவணப் படத்துக்காக இந்தியா வந்து, ராமர் கதையில் மனசைப் பறிகொடுத்து, நம் நாட்டு ராம் மோகனோடு சேர்ந்து கையாலேயே வரைந்து வரைந்து 1992-ல் முடித்த படம். அது 2025 ஜனவரியில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. வயசானவர்கள் இருக்கும் வீட்டில் இதிலிருந்து ஆரம்பியுங்க. பொம்மைப் படத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் இளக்காரம் போய்விடும். எங்க வீட்டில் அப்படித்தான் நடந்தது.

எல்லோருக்கும் தெரிந்த டோரேமானையும் ஷின்சானையும் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீங்க. டோரேமான் 1969 கடைசியில் குழந்தைகள் பத்திரிகைகளுக்காகவே பிறந்த பூனை. ஷின்சானோ 1990-ல் பெரியவர்கள் படிக்கும் வாரப் பத்திரிகையில் வந்தது! அஞ்சு வயசுப் பையன் பண்ணும் சேட்டையைப் பார்த்துப் பெற்றவர்கள் சிரிப்பதற்காக எழுதியதை, நம்ம ஊரில் அஞ்சு வயசுப் பையனுக்கே போட்டுக் காட்டுகிறோம். 2008-ல் அதை நம் நாட்டில் நிறுத்திவைத்து, வெட்டி ஒட்டித்தான் மறுபடி விட்டார்கள். வாயாடிப் பேச்சு வீட்டுக்கு வந்துவிடுகிறது என்று கவலைப்படும் தாய்மார்களுக்கு இந்த விவரம் உதவும்.

பழசில் என் முதல் சிபாரிசு 'ஹெய்டி'. 1974-ல் வந்தது, மொத்தம் 52 பாகம். அம்மா அப்பா இல்லாத குட்டிப் பெண்ணை, மலை மேல் தனியாக இருக்கும் சிடுமூஞ்சித் தாத்தாவிடம் சித்தி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான் கதை. ஆட்டுப்பால், நெருப்பில் உருகும் பாலாடைக்கட்டி, பரணில் வைக்கோல் மெத்தை... சுவிட்சர்லாந்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்திருக்கிறார்கள். தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது நீலகிரி மலையைப் பார்க்கிறவள் நான். குன்னூர் மேட்டில் மேகம் இறங்குவதை அப்படியே யாரோ படம் பிடித்த மாதிரி இருந்தது. இதை இயக்கிய தகஹாத்தாவும், இதில் காட்சிகள் வரைந்த மியாசாகியும் பிற்பாடு 'கிப்லி' என்ற கம்பெனியில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார்கள்.

அந்தக் கம்பெனியின் 'என் பக்கத்து வீட்டு டொட்டோரோ' 1988-ல் வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில், அப்பாவோடு கிராமத்துக்குக் குடிவரும் அக்கா தங்கை. சண்டையில்லை, வில்லன் இல்லை, மூன்று வயசுக் குழந்தைக்குக்கூடத் தைரியமாகக் காட்டலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இதோடு சேர்த்து அதே நாளில் வெளிவந்த 'மின்மினிகளின் கல்லறை'யையும் தேடிப் போட்டுவிடாதீங்க! 1945-ல் கோபே நகரத்தில் குண்டு விழுந்தபோது அனாதையான அண்ணனும் குட்டித் தங்கையும் பசியில் வாடுகிற கதை. எழுதியவர் தன் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். உயர்ந்த படம், சந்தேகமே இல்லை. முதலில் நீங்க மட்டும் மத்தியானம் பாருங்க. அன்றைக்கு எனக்கு அரிசி களையவே கை வரவில்லை.

இனி புதுசு. தாய்மார்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது என்று நான் சொல்வது 'ஓநாய்க் குழந்தைகள்'. 2012-ல் மமோரு ஹொசோதா எடுத்தது. தொடர் இல்லை, ஒரே படம்தான். ஹனா என்ற பெண் ஓநாயாக மாறக்கூடிய ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள். இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு அவன் செத்துப்போகிறான். இரண்டு பிள்ளைகளும் கோபம் வந்தால் ஓநாய்க்குட்டி ஆகிவிடும்! ஒரு ராத்திரி குழந்தைக்கு உடம்பு முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஒரு பக்கம் குழந்தைகள் ஆஸ்பத்திரி, எதிரே மாட்டாஸ்பத்திரி. எதற்குள் போவது என்று தெரியாமல் நடுவில் நிற்கிறாள் பாருங்க... நாம் யாரும் ஓநாய் பெற்றவர்கள் இல்லை. ஆனாலும் அந்த நிற்பு நமக்குத் தெரியாததா?

பிறகு மலைக்கிராமத்துக்குப் போய்த் தோட்டம் போடுகிறாள். போட்டது எல்லாம் கருகிப் போகிறது. சிரிக்கவே தெரியாத ஒரு பெரியவர் திட்டித் திட்டி அவளுக்குக் கிழங்கு போடச் சொல்லித் தருகிறார். ஊரெல்லாம் காட்டுப்பன்றி வந்து தோண்டிவிட்டுப் போக, இவள் தோட்டம் மட்டும் தப்பிக்கிறது. ஏன் தெரியுமா, ஓநாய் வாசம்! காட்டுப்பன்றியும் யானையும் என்ன பாடுபடுத்தும் என்று எங்க பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குத்தான் தெரியும். எங்க வீட்டுக்காரர் பொதுவாக அரை மணி நேரத்தில் குறட்டை விடுகிறவர். அன்றைக்குக் கிழங்கு பறிக்கும் காட்சியில் எழுந்து உட்கார்ந்து, "நல்ல விளைச்சல்" என்றார்.

அடுத்தது 'மௌனத்தின் குரல்' (நாங்களாக வைத்த பெயர், ஜப்பானில் 'கோயே நோ கத்தாச்சி'). 2016-ல் வந்தது. இயக்கியவர் நவோகோ யமதா, மூலப் படக்கதை வரைந்தவர் யோஷிதோகி ஓயிமா, இருவருமே பெண்கள். காது கேளாத ஒரு சிறுமி புதுசாகப் பள்ளியில் சேருகிறாள். நோட்டில் எழுதிக் காட்டித்தான் பேசுவாள். ஒரு பையன் அவள் காதுக் கருவியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறான். எட்டுக் கருவிகள் போகின்றன. விஷயம் தெரிந்து அவன் அம்மா பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துத் தலைகுனிகிறாள். பிற்பாடு அந்தப் பையனையே வகுப்பு ஒதுக்கிவைக்கிறது. வளர்ந்தபின் சைகை மொழி கற்றுக்கொண்டு அவளைத் தேடிப் போகிறான்.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்க பொண்ணு பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். தண்ணி குடிக்கத்தான் என்று நினைத்தேன். வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பேச்சு கொஞ்சம் திக்கும். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால் பின்னால் நாலைந்து பேர் அதே மாதிரி திக்கிக் காட்டிச் சிரிப்பார்களாம். பட்டப் பெயர் வேறு. ஒரு வருஷமாக நடக்கிறது. "நீங்க வந்து கேட்டா இன்னும் சிரிப்பாங்கம்மா" என்று சொல்லாமலே இருந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அத்தனையும் கொட்டினாள்.

மறுநாள் நானும் அவரும் பள்ளிக்கூடம் போய்ப் பேசினோம். இப்போது சனிக்கிழமை தோறும் கோயமுத்தூரில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். மெதுவாகத்தான் ஆகும் என்று அங்கே சொன்னார்கள்.

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் பார்ப்பதில் பாதி தமிழில் கிடைப்பதில்லை. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை அத்தைக்குப் பையன்தான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் படத்துக்கு அடுத்த வாரம் அத்தை, "நீ கமுக்கமா இருடா சாமி, அம்மிணி சொல்லட்டும்" என்று விட்டார். அவள் திக்கினால் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருப்பார். "மெதுவாச் சொல்லு கண்ணு, படம் எங்கயும் ஓடிப் போயிராது." ஒரு மணி நேரப் படம் இரண்டு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே!

(இந்தப் படத்தில் உயிரை விடத் துணியும் காட்சி உண்டு. பதின்மூன்று வயசுக்குக் கீழே வேண்டாம். அதற்கு மேல் என்றாலும் கட்டாயம் கூட இருங்க.)

'வயலட் எவர்கார்டன்' 2018-ல் வந்த தொடர், பதின்மூன்று பாகம். அடுத்தவர்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் அந்தப் பெண்ணின் வேலை. பத்தாவது பாகத்தில், பிழைக்க மாட்டோம் என்று தெரிந்த ஒரு தாய் தன் மகளுக்கு எழுத வைக்கும் கடிதங்களைப் பற்றி நான் இங்கே சொல்லப்போவதில்லை. கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்க. இதையும் 'மௌனத்தின் குர'லையும் எடுத்தது கியோட்டோ பகுதிக் கம்பெனி. 2019 ஜூலையில் ஒரு பாவி அங்கே தீ வைத்ததில் 36 பேர் இறந்துபோனார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது ஒவ்வொரு இலையும் பூவும் யாரோ ஒருவர் வரைந்தது என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஆண் பிள்ளைகள் விரும்பும் சண்டைத் தொடர்களில் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' நல்லது. இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள். 2009-ல் வந்த 64 பாகத்தைப் பாருங்க. செத்துப்போன அம்மாவை உயிரோடு கொண்டுவரப் பார்க்கிற அண்ணன் தம்பி கதை. வரைந்த அராகாவா பால் பண்ணை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்த பெண்மணி, தன்னையே கண்ணாடி போட்ட பசுமாடாக வரைந்துகொள்வார்! 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசிக்கொண்டே தியேட்டருக்கு வந்ததே, பையன் ஒற்றைக்காலில் நின்று அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கரி விற்கும் பையன், அரக்கியாகிவிட்ட தங்கையைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு மருந்து தேடி அலைகிறான். ஜப்பான்காரன் எடுத்த 'பாசமலர்' என்று வையுங்களேன். ஆனால் தலை உருளும், ரத்தம் தெறிக்கும். சின்னதுகளுக்கு ஆகாது. 'அட்டாக் ஆன் டைட்டன்', 'டெத் நோட்' இரண்டும் அதற்கும் மேலே. என் பையனுக்கே இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

படம் ஆரம்பிக்கும்போது மூலையில் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று ஏதாவது ஒன்று போடுவார்கள். 2021-லிருந்து இணையத்தில் காட்டுகிறவர்கள் இதைப் போட்டாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. படம் பொம்மையாக இருக்கிறதே என்று பார்க்காமல் அந்த எண்ணைப் பாருங்க. செட்டிங்கில் போய்ப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு வைத்து வயசைக் குறித்துவிட்டால் மேலே உள்ளது அதில் வராது. இதை எனக்குச் செய்து கொடுத்ததே என் பையன்தான், பாவம்!

இப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது 1978-ல் வந்த 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999'. நீராவி ரயில் ஒன்று வானத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக நிற்கிறது. எங்க ஊர் ஊட்டி ரயில் மாதிரியே புகை விட்டுக்கொண்டு! 113 பாகம். பொண்ணு படித்துச் சொல்லும் வேகத்துக்கு எப்படியும் அடுத்த தீபாவளி ஆகும். தமிழிலேயே பேசும் நல்ல தொடர்கள் தெரிந்த தோழிகள், எத்தனை வயசுக்கு ஆகும் என்பதையும் சேர்த்து இந்தப் பகுதிக்கு எழுதுங்க.

– ஒரு வாசகி, மேட்டுப்பாளையம்.