யார் பணத்தில் எழுந்தன சென்னை மருத்துவமனைகள்?

கிரீம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் நுழைந்தால், கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து. மீன் குழம்புச் சாப்பாடு, நாள் வாடகைக்கு அறை, மூலைக்கு மூலை மருந்துக் கடை. கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் கையில் ஸ்கேன் உறையோடு வந்திறங்குகிறவர்களை நம்பிப் பிழைக்கும் சந்துகள் இவை.

இத்தனை பேரை இழுக்கும் அளவுக்குச் சென்னையில் மருத்துவமனைகள் பெருகியது எப்படி? பணம் வந்த வழியைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் வழி நன்கொடை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பை மறக்காத அவர், இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. மறு ஆண்டே வந்து சேர்ந்தார் மயிலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா. எழும்பூர் அரசு மருத்துவமனையில் கிடைத்த வேலையை வேண்டாமென்று விட்டு வந்தவர், 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது வழி சந்தா. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய வி.எச்.எஸ். (வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ்) அமைப்பில், ஒவ்வொரு குடும்பமும் தன் வருமானத்துக்கேற்ற சிறு தொகையைக் கட்டிச் சேர்ந்தது. மருத்துவக் காப்பீடு என்ற சொல்லே வீடுகளுக்குள் வராத காலம் அது.

மூன்றாவது, முதலீடு. அதுவரை மருத்துவமனை என்றால் அரசுடையது, அறக்கட்டளையுடையது அல்லது ஒரு டாக்டரின் நர்சிங் ஹோம். அதைத் தொழிலாகக் கருதிக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. இந்தச் சூழலில்தான் டாக்டர் பிரதாப் சி. ரெட்டி நிறுவனப் பாணியில் அப்பல்லோ மருத்துவமனையை எழுப்பினார். 1983 செப்டம்பரில், 150 படுக்கைகளோடு, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதைத் திறந்துவைத்தார். இதய அறுவைக்கு வெளிநாடு போக வசதியிருந்தவர்களுக்கு உள்ளூரிலேயே வழி பிறந்தது. வசதியில்லாதவர்களுக்கு?

அவர்களுக்காக 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பிரீமியத்தை அரசு கட்டியது. ஏழை நோயாளி, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் சேர முடிந்தது. பிறகு அரசு மருத்துவமனைகளும் திட்டத்தில் சேர்ந்து, செய்யும் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகை பெறத் தொடங்கின. 2023 ஜூனில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அரசே 1,000 படுக்கைகளோடு பன்னோக்கு மருத்துவமனையைத் திறந்தது.

ஆனால் காப்பீட்டு அட்டை நோயாளியின் சிகிச்சைக்குத்தான். கூட வந்தவர் படுக்க இடமும் சோறும் அதில் அடங்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் அதே கவலைதான்; கிரீம்ஸ் சாலைச் சந்துகளில் அறை வாடகை பேசும்போது, சமைக்க அடுப்பு உண்டா என்று முதலில் கேட்கிறார்கள்.